நான் புகழ்ந்த முடிவு

இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு நாவல்களை முடித்தேன். ஒன்று சரித்திரம், இன்னொன்று பேய். பார்த்தவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்றைக்கு உட்கார்ந்து எழுதும்போது அந்த 'முடித்தேன்' தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பேய்க்கதையை முடித்தது உண்மை. சரித்திரத்தை நான் முடிக்கவில்லை. முடிக்கவில்லை என்பதுகூடத் தெரியாமல், அதன் முடிவைப் பற்றி ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று இருபது நிமிடம் பேசினேன். அதோடு போயிருந்தால் ஊர் சிரித்து மறந்திருக்கும். அதோடு போகவில்லை.

மண்டபம் ஊரில் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த இரண்டு மாதமும் கம்பெனி பாதி உறக்கத்தில் இருக்கும். நாட்டுப் படகுக்காரர்கள் காலையில் வந்து ஆளுக்கு ஒரு கட்டி வாங்கிப்போவார்கள். அதற்குப் பிறகு சுவர் வேர்க்கிற சத்தம்தான். மற்ற மாதங்களில் கணக்கு மேசையில் உட்கார்ந்து ஒரு வரி எழுதுவேன், எழுந்து துறைவரை நடப்பேன், திரும்பி வந்து அந்த வரியை அடிப்பேன். இருப்புக் கொள்ளாத பிறவி. நான் எழுதுவதை வசன கவிதை என்று நாலைந்து சிறு பத்திரிகைகள் போட்டிருக்கின்றன. துறையில் என்னைக் கவிஞரே என்று கூப்பிடுவார்கள். அதில் மரியாதை கால்பங்கு, மீதி கேலி. அந்தக் கால்பங்குக்காகவே நான் திரும்பிப் பார்ப்பேன்.

முதலில் பேய் நாவலைச் சொல்லிவிடுகிறேன்.

கடல் தின்ற ஒரு சிறு துறைமுக ஊர். அதற்கு உள்ளே தள்ளி, மிச்சம் இருக்கிறவர்கள் கட்டிக்கொண்ட புது ஊர். அங்கே ஈரச் சேலையோடு ஒருத்தி வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறாள். கழுத்தைக் கடிப்பதில்லை, ரத்தம் கேட்பதில்லை. "நான் யார் வீட்டு ஆள்?" என்று மட்டும் கேட்கிறாள். அவள் யாரென்று தெருவுக்கே தெரியும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் தெரியாது என்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களின் முகம் அடுத்த நாளிலிருந்து சொந்த வீட்டாருக்கே அடையாளம் தெரியாமல் போகிறது. இதுதான் கதை.

பட்டப்பகலில், ஐஸ் அறைக்கு வெளியே ஸ்டூலைப் போட்டுப் படித்தேன். கட்டி உடைக்கிறவர் அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, பேயா? இங்கன வந்தா படிக்கிறீக? ஏற்கெனவே பொணக்குளிரு," என்றார்.

எனக்குப் பயம் வரவில்லை. நூலகப் புத்தகங்களின் கடைசித் தாளில் எங்கள் வாசகர்கள் பென்சிலால் தீர்ப்பு எழுதுவார்கள். நூலகர் எத்தனை முறை அறிவிப்பு ஒட்டினாலும் அந்தப் பழக்கம் போகாது. இதில், 'பயம் வரவில்லை, தூக்கம்தான் வந்தது' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே, 'எனக்கு வந்தது' என்று இன்னொரு கையெழுத்து. நானும் என் பங்குக்கு எழுதினேன்: 'ஒரு தெருவே தெரிந்துகொண்டு தெரியாது என்று சொல்லுமா? நம்பும்படி இல்லை.'

அந்த வரியை இப்போது அழிக்க முடியாது. புத்தகம் யார் கையிலோ இருக்கிறது.

அதை எனக்குப் பிறகு எடுத்தவர் முகாமிலிருந்து வருகிற ஒரு பெண். சின்ன வயதில் தாயோடு படகேறி மன்னார்க் கரையிலிருந்து இங்கே வந்தவர். இப்போது அவருக்கும் என் வயதுதான் இருக்கும். அகதி முகாமில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். வாரம் இரண்டு புத்தகம் எடுப்பார். ஒன்று தனக்கு, ஒன்று தாய்க்கு. தாய்க்கு எழுபதைத் தாண்டிவிட்டது. முட்டு வலியால் வெளியே வருவதில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அட்டை முதல் அட்டைவரை படிப்பாராம்.

முகாம்காரர்களுக்கு உறுப்பினர் அட்டை கொடுக்க ஊர்க்காரர் ஒருவர் பிணைக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது எங்கள் கிளை நூலகத்தில் வழக்கம். விதியா, வெறும் வழக்கமா, எனக்குத் தெரியாது. நாலு வருடத்துக்கு முன் அவர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபோது நான்தான் போட்டேன். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை நாலு வருடமாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எண்ணினால் கூச்சமாக இருக்கிறது. அவரை வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

பேய் நாவல் எப்படி என்று கேட்டதற்கு அவர், "பேய் பாவம் அண்ணை," என்றார். "அது தன்ர வீட்டைத்தானே கேக்குது. எங்களுக்கு மாசா மாசம் செக்கிங் வைச்சு, இருக்கிறியளோ எண்டு பேர் கூப்பிட்டுப் பாக்கினம். அதுக்கு ஒருத்தரும் செக்கிங் வைக்கேல்லை. அதுதான் அலையுது."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். விமர்சனம் என்றால் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அதை ஒரு நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, துறையில் நானே சொன்னதுபோல் சொன்னேன்.

இனி அந்தச் சரித்திரம். தலையணைத் தடிமன். நம் கரையில் ஆண்ட ஒரு அரசன், அக்கரையில் ஒரு குறுநிலத் தலைவன், நடுவே முத்துக் குளிக்கும் கடல். அரசனின் ரகசிய ஓலையைக் கொண்டுபோகிற ஒரு மாலுமிதான் நாயகன். வழக்கமான சங்கடங்கள் எல்லாம் உண்டு. குதிரைகளுக்கெல்லாம் பெயர் இருக்கிறது, குதிரைக்காரனுக்கு இல்லை. பெண்கள் அத்தனை பேரும் மாடத்தில் நிற்கிறார்கள், ஒருத்திக்கும் இறங்கிவரப் படிக்கட்டு கட்டவில்லை. ஆனால் கடலை எழுதும்போது அந்த ஆசிரியர் வேறு மனிதர். தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் திரும்புகிற நேரத்தை எழுதியிருந்தார் பாருங்கள், எங்கள் படகுக்காரர்கள் வாயால் சொன்ன மாதிரியே இருந்தது.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் அந்த நாவலைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். நூலகத்தில் ஒரே பிரதி. நூலகருக்கு ஃபோன் செய்தேன்.

"அது கேம்ப் அக்காகிட்ட இருக்குண்ணே. அவங்க அம்மா படிச்சுக்கிட்டு இருக்காங்களாம்."

"எனக்குக் கூட்டத்துக்கு வேணும்மா. கொஞ்சம் அவசரப்படுத்துங்க."

அவசரப்படுத்தினார். மறுநாள் பகலிலேயே புத்தகம் வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு நேரே ஐஸ் கம்பெனிக்கு வந்தேன். நாலு நாள் வேறு நினைப்பே இல்லை. வெளியே கச்சான் காற்று மணலை வாரி இறைத்தது. உள்ளே நான் படகில் போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் மாலுமியின் கலம் அக்கரையை நெருங்குகிறது. பொழுது விடியவில்லை. கரையில் ஒரு விளக்கு தெரிகிறது. 'அது யார் வீட்டு விளக்கென்று யோசிக்க அவனுக்கு நேரம் இருந்தது.' அவ்வளவுதான். நாவல் நின்றுவிட்டது.

மயிர்க்கூச்செறிந்தது என்று சொன்னால் மிகையில்லை. அத்தனை போர், அத்தனை சபதம், அத்தனை குதிரை, எல்லாம் ஒரு விளக்கில் வந்து முடிகிறது. அவன் இறங்கினானா, ஓலை கொடுத்தானா, ஒன்றும் தெரியாது. 'முற்றும்' என்ற சொல்கூட இல்லை. தமிழ் சரித்திர நாவலில் முற்றும் போடாத ஒரு மனிதரைக் கண்டுவிட்டேன் என்று குதித்தேன். கடைசியில் பென்சில் தீர்ப்பு ஒன்றுகூட இல்லை. இதுவரை யாருமே முடிவுவரை போகவில்லை, நான்தான் முதல் ஆள் என்று அதற்கும் ஒரு பெருமை. பின்னட்டையைத் தொட்டுக்கொண்டிருந்த விரலுக்கு முதுகோரம் இருந்தது எதுவும் தட்டுப்படவில்லை. நான்தான் மேகத்தில் இருந்தேனே.

கூட்டத்துக்குப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அதுவே எங்களுக்குத் திருவிழாக் கூட்டம். பின்வரிசையில் அந்தப் பெண்ணும் இருந்தார், மடியில் பேய் நாவலோடு. நான் பேசினேன். எழுதிக்கொண்டு போன தாளைப் பாராமல் பேசினேன். ஒரு படைப்பாளி எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்தவன்தான் படைப்பாளி என்றேன். கரையைக் காட்டிவிட்டு இறங்கவிடாமல் நிறுத்துவதற்குப் பெரிய மனம் வேண்டும் என்றேன். அப்போது அவர் தலை குனிந்து புன்னகைத்ததைப் பார்த்தேன். என் பேச்சு பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எங்கள் வட்டத்தில் உண்டு. நூலகப் புத்தகம் தொடமாட்டார். சொந்தமாக வாங்கி, பழுப்புத் தாளில் அட்டை போட்டுக் கொண்டுவருவார். அவர் கை தூக்கினார்.

"கவிஞரே, ஒரு சின்னச் சந்தேகம். நீங்க எந்த நாவலப் படிச்சீக?"

"இதைத்தான் ஐயா."

"இதுல அவன் எறங்கிட்டானே. எறங்கி அந்த ஊரையே கொளுத்திட்டானேய்யா. கடேசி பதினெட்டுப் பக்கமும் எரியுது." அவர் தன் பிரதியைத் திறந்து இரண்டு வரி படித்தும் காட்டினார்.

"கவிஞருக்குன்னு தனியா அச்சடிச்சுக் கொடுத்திருப்பாங்க," என்றார் முன்வரிசையில் ஒருவர். ஒருவர் சிரித்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. பதினைந்து பேர் சிரித்தார்கள். நூலகர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காது இரண்டும் கொதித்தன. புத்தகத்தைப் புரட்டினேன். முதுகோரம், நூல் தைத்த இடத்துக்கு ஒரு மயிரிழை தள்ளி, பிளேடால் அறுத்த ஓரங்கள். அத்தனை நேர்த்தியாக, தையல்காரர் கைதான் அப்படி அறுக்கும்.

அந்த ஓரத்தைக் கண்டதும் எனக்கு வந்தது கோபமில்லை, சந்தோஷம். தப்பித்துவிட்டேன் என்கிற சந்தோஷம்.

"இங்க பாருங்க, யாரோ அறுத்திருக்காங்க," என்று புத்தகத்தை உயர்த்திக் காட்டினேன். பிறகு நூலகரைப் பார்த்துக் கேட்டேன். "எனக்கு முன்னால யாரு எடுத்தாங்கன்னு கொஞ்சம் பாருங்கம்மா."

தெரிந்தே கேட்டேன். யாரிடமிருந்து பிடுங்கி அந்தப் புத்தகத்தை எனக்குக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். நூலகருக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். அவர் பதிவேட்டைத் தொடாமல் என்னையே பார்த்தார்.

"அத அப்பறமாப் பாத்துக்கிடலாம்ணே."

எனக்கு அவர் ஒரு வழி விட்டார். நான் அதில் போகவில்லை. "இல்லம்மா, இப்பவே பாத்துருவோம்," என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல், "கேம்ப் ஆளுகளுக்குப் புத்தகம் கொடுத்தா இப்பிடித்தான்," என்றது. பிணைக் கையெழுத்துப் போட்டவன் நான். எல்லோருக்கும் தெரியும், நான்தானே நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சும்மா இருந்திருக்கலாம். நான் சொன்னேன்: "பக்கத்தோட என் கையெழுத்தையும் சேர்த்து அறுத்துட்டாங்க போல."

இந்த முறை சிரிப்பு என் பக்கம் வந்தது. எவ்வளவு இதமாக இருந்தது அது. அந்த இதத்தை நினைத்தால் இப்போதும் எழுந்து எங்காவது நடக்கவேண்டும் போல் இருக்கிறது.

அவர் எழுந்தார். அவசரமில்லாமல் முன்னால் வந்தார்.

"ஓம். நான்தான் வெட்டினனான்," என்றார், நூலகரிடம் மட்டும். "தாள் பத்திரமா வீட்டில இருக்கு. நாளைக்குக் கொண்டு வந்து ஒட்டித் தாறன்." மடியில் வைத்திருந்த பேய் நாவலை மேசையில் வைத்தார். "இதையும் எடுங்கோ. இதில எல்லாப் பக்கமும் இருக்கு. எண்ணிப் பாருங்கோ."

யாரும் எண்ணவில்லை. அவர் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு நிகழ்ச்சிநிரல்படி சுண்டல் கொடுத்தார்கள். நான் சாப்பிட்டேன்.

மறுநாள் அவர் சொன்னபடி வந்து ஒட்டிக்கொடுத்திருக்கிறார். ஒட்டியது தெரியாதபடி ஒட்டியிருக்கிறார் என்று நூலகர் சொன்னார். வட்டத்தில் இரண்டு பேர் விடாமல் நச்சரித்ததால் உறுப்பினர் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டாராம். தாய்க்கும் மகளுக்கும் இருந்த ஒரே அட்டை அது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன், என் வேடிக்கைப் பேச்சை மட்டும் விட்டுவிட்டு. மனைவி அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு புத்தகத்தப் படிச்சு முடிச்சமா இல்லையான்னே தெரியாத ஆளு ஒலகத்துல நீங்க ஒருத்தர்தான்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு எதுக்கு அறுத்துச்சாம்? கேட்டீகளா?" என்றாள்.

கேட்கவில்லை. பதினைந்து பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. வாசகர் வட்டம் என்று பெயர்.

தலைமையாசிரியரிடம் அவருடைய பிரதியை இரவல் வாங்கி அந்தப் பதினெட்டுப் பக்கத்தைப் படித்தேன். மாலுமி இறங்குகிறான். அக்கரைத் தலைவன் வஞ்சகம் செய்துவிட்டானென்று தெரிந்து, பழிக்குப் பழியாகக் கரையோரச் சிற்றூர் ஒன்றைக் கொளுத்துகிறான். ஓலை வீடுகள், வலைகள், தொழுவம், ஊர் கூடுகிற பெருக்கமரத்தடி. ஒவ்வொன்றாக எரிகிறது. ஊரின் பழைய பெயரை ஆசிரியர் போட்டிருந்தார். எரிந்து முடிந்ததும் நாயகனின் கொடி ஏறுகிறது. முற்றும்.

நன்றாக எழுதியிருந்தார் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். தீ ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்குப் போகிற இடத்தில் எனக்கு மூச்சு வேகமானது. அடுத்து என்ன எரியும் என்று ஆவலாகப் பக்கம் திருப்பினேன். அந்த ஆவலோடு நான் எத்தனை சரித்திர நாவல்களைப் படித்திருப்பேன். எரிகிற ஊர்களில் ஒன்றைக்கூட இதுவரை யாருடைய ஊராகவும் நினைத்ததில்லை.

நாலு நாள் தள்ளிப்போட்டுவிட்டு ஒரு மாலை முகாமுக்குப் போனேன். வெளியாள் உள்ளே போக எழுதிக்கொடுத்து நிற்கவேண்டும். அதனால் எதிரே இருக்கிற டீக்கடையில் நின்று ஃபோன் செய்தேன். வந்தார். கழுத்தில் இஞ்சு டேப், தைப்பதை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஏன் அண்ணை வெயிலுக்க நிக்கிறியள்? உள்ள வந்து இருங்கோ," என்று பெஞ்சைக் காட்டினார். எதுவுமே நடக்காததுபோல் பேசினார். அது எனக்குத் தாங்கவில்லை.

"எதுக்கு அறுத்தீங்கன்னு கேக்கலாமா?" என்றேன். குற்றவாளியை விசாரிக்கிற மாதிரி ஒலித்தது. "சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

"அது எங்கட ஊர் அண்ணை. அந்தப் பேர் இப்ப ஒருத்தரும் சொல்றேல்லை. அம்மா சொல்லுவா. புத்தகத்தில நடுவில ரெண்டு இடத்தில அந்தப் பேர் வருது, கண்டனீங்களோ? அம்மா அந்த இடத்தில விரல வைச்சுக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினவா. அவ்வளவு சந்தோசம். எங்கட ஊரைப் புத்தகத்தில போட்டிருக்கினமெண்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிட்டா." டீயை எடுத்து ஆற்றினார். "நான் எப்பவும் அம்மாவுக்கு முன்னம் கடைசியை வாசிச்சுப் பாக்கிறனான். பாத்தா இப்பிடி. என்ன செய்ய? எங்கட ஊர் ஒருக்கா எரிஞ்சது போதும்."

நான் டீயைக் குடிக்கவில்லை.

"அம்மா முடிச்ச கையோட திருப்பி ஒட்டிக் குடுக்கத்தான் இருந்தனான். அண்டைக்குக் காலமைதான் முடிச்சவா. பசை வாங்கிக்கொண்டு வாறதுக்கு முன்னம் லைப்ரரி அக்கா ஃபோன் பண்ணிட்டா, அண்ணைக்கு அவசரமாம், இப்பவே வேணுமாமெண்டு."

அவசரப்படுத்தியவன் நான்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். நான் தெரிந்துகொண்டு சொன்னதும் அவர் தெரிந்துகொண்டு சொல்லாததும் ஒரே கூரைக்குக் கீழேதான் நடந்தன.

மன்னிப்பைக் கேட்டிருக்க வேண்டும். பதிலாக, கவிஞன் அல்லவா, அவரைப் பாராட்டப் போனேன். "ஆசிரியர் எழுதின முடிவைவிட நீங்க நிறுத்தின எடம்தான் ஒசத்தி. நான் அன்னைக்குப் புகழ்ந்ததெல்லாம் உங்களத்தான்," என்றேன்.

அவர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டினார். "அது அம்மாவுக்கு வெட்டினது அண்ணை," என்றார். "உங்களுக்கு இல்லை."

பிறகு, தைக்கவேண்டியது இருக்கிறது என்று எழுந்தார். அட்டையைப் பற்றி நானே பேச்செடுத்தேன், நூலகரிடம் சொல்கிறேன் என்றேன். "என்னத்தைக் கதைக்கப் போறியள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சாலையைக் கடந்துவிட்டார்.

நூலகரிடம் போனேன். அவர் சுற்றி வளைக்கிற ஆளில்லை. "என்கிட்டத் தனியாச் சொல்லி என்னண்ணே செய்ய? நானாக் கொடுத்தா ரெண்டு பேரு மேல எழுதிப் போட்டுருவாங்க. அன்னைக்குப் பதினஞ்சு பேரு முன்னாடி கேட்டீக. அதே பதினஞ்சு பேரு முன்னாடி, நாந்தான் அவசரப்படுத்துனேன், தாளு திரும்பி வந்துருச்சு, இனிமேலும் நாந்தான் பிணைன்னு எந்திரிச்சுச் சொல்லுங்க. அந்த நிமிசமே அட்டையக் கையில கொடுத்துருவேன்."

நியாயம்தான். செய்கிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு கூட்டம் நடந்துவிட்டது. முதல் கூட்டத்தில் எழுந்து நின்றேன், வேறொரு புத்தகத்தைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தேன். இரண்டாவதில் எழுந்திருக்கவே இல்லை. தலைமையாசிரியர் வரவில்லை, அவர் இல்லாமல் சொன்னால் சரிவராது என்று எனக்கு நானே ஒரு காரணம் செய்துகொண்டேன். தெரியாது என்று சொன்னவர்களின் முகம்தான் அந்தப் பேய்க்கதையில் மறைந்துபோகும். என் முகம் அப்படியே இருக்கிறது. துறையில் இன்னும் எல்லோரும் கவிஞரே என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்வரத் தொடங்கிவிட்டன. இப்போது என் அட்டையில் இரண்டு புத்தகம் எடுத்து, வாரத்தில் ஒருநாள் அந்த டீக்கடைக்குக் கொண்டுபோகிறேன். அவர் வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார். அம்மாவுக்கு வாசிக்க வேணும், அவ்வளவுதான், என்றார். என்னிடம் கதை எப்படி என்று கேட்பதில்லை. நின்றபடியே இரண்டு புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தையும் படிப்பார். ராமேஸ்வரம் பஸ் இரண்டு போகும்வரைகூட ஆகும். நான் பக்கத்தில் நிற்பேன், பேச வாயெடுக்காமல். சில சமயம் ஒன்றைத் திருப்பித் தருவார். ஏன் என்று நான் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்து அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் திறந்து, அவர் எதைப் பார்த்திருப்பார் என்று தேடுவேன். பாதிக்குமேல் எனக்குப் பிடிபடுவதில்லை.

இதை எழுதி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. எழுதுவது எனக்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. வருகிற ஞாயிறு மறுபடி கூட்டம். தலைப்புக் கேட்டு இன்று காலை நூலகர் ஃபோன் செய்தார். படகு இறங்குகிற நேரம், ஐஸ் உடைக்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று வெளியே வந்தேன்.

"யோசிச்சுச் சொல்றேன்மா."

"ரெண்டு மாசமா யோசிக்கிறீகண்ணே," என்றார். "தலைமையாசிரியர் இந்தத் தடவ வாராராம். கேட்டு வச்சுட்டேன்."